பூஜையில் வைத்த பிராசசர்

இரும்புப் படிக்கட்டில் மொத்தம் பதினாறு படிகள். கோமதிசங்கர் எண்ணிக்கொண்டிருந்தார். பகல் பதினொரு மணிவாக்கில் அந்தப் படிகளில் ஒரு காலடிச் சத்தம் ஏறி வரும். பதினாலாவது படியில் நின்றுவிடும். எழுந்து போய்ப் பார்த்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஒரு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. முதலில் எலி என்று நினைத்தார். பிறகு, கீழே இரும்புக் கடையில் கம்பி இறக்குகிற சத்தம்தான் மேலே ஏறிக் கேட்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கடைசியில் எந்தக் காரணமும் தேடாமல் எண்ணுவதோடு நிறுத்திக்கொண்டார். இன்றைக்கும் பதினாலு வந்தது. ஆனால் நிற்கவில்லை. பதினைந்து, பதினாறு. கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருக்க, ஜாய்சி உள்ளே வந்தாள். பின்னாலேயே ஆட்டோக்காரர், வெள்ளைப் போர்வையில் சுற்றிய கம்ப்யூட்டர் பெட்டியைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்க வந்தார்.

வில்சனின் மனைவி. வில்சன் செத்துப் போய் ஒரு வருஷமும் ஒரு வாரமும் ஆகியிருந்தது. பாளையங்கோட்டை தெற்கு பஜாரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை கோமதிசங்கருடையது. அதே பஜாரின் மறுகோடியில் கல்யாண வீடியோ எடுத்து மிக்ஸிங் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவன் வில்சன். மணப்பாட்டுக்காரன். வாய் நிறையச் சிரிப்பு. கடைக்குள் நுழையும்போதே பாதிப் பேச்சைப் படிக்கட்டிலேயே முடித்துவிட்டு வருவான். பெட்டி மேல் இருந்த போர்வை அவன் போட்டதோ என்னவோ, ஜாய்சி அதை அவிழ்த்து நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"ஓராண்டுப் பூசை முடிஞ்சிது அண்ணாச்சி. இனிமே நானே மிக்ஸிங் வேலையப் பாக்கலாம்னு இருக்கேன். அவிய இருக்கும்போதே பாதி வேல நான்தான செய்வேன். ஒரு பிராசசர வச்சிக்கிட்டு முடியல. ஒரு டைட்டிலுக்கு விடிய விடிய ஓடுது. இதுக்கு ஜோடி ஒண்ணு பாத்துத் தாங்க."

"பழைய சரக்கு தாயி. இப்பம் யாரு வச்சிருக்கா. மெட்ராஸ்ல ஆளுக்குச் சொல்லிப் பாக்கேன்."

சொன்ன பிறகுதான், இதையும் பொய்யாகச் சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து மூன்றடி தள்ளி மர அலமாரி. அதன் கீழ் இழுப்பறையில், ஒரு பழைய விபூதிப் பொட்டலக் காகிதத்தில் மடித்து, அவள் கேட்ட பொருள் இருந்தது. ஜாய்சி அலமாரியைப் பார்த்தாளா, அதற்கு மேலே மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. "பைய பாருங்க. ஐப்பசிக்குள்ள கெடச்சாப் போதும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

நடந்தது இதுதான். போன வருஷம் சரஸ்வதி பூஜையன்று காலையில் கடையைக் கழுவித் துடைத்து, வேலை செய்கிற சாமான்களையெல்லாம் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூஜையை முடித்திருந்தார். ஈயம் பற்றவைக்கிற குச்சி, மீட்டர், இடுக்கி எல்லாம் இருந்தன. கூடவே ஒரு பித்தளைத் தட்டில், அந்த மாதம் ஏதோ ஒரு நூற்பாலையில் கழித்துப் போட்ட மிஷினிலிருந்து எடுத்த நூற்று அறுபத்தாறு மெகாஹெர்ட்ஸ் பிராசசர் ஒன்று. பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமியன்று காலையில்தான் எடுக்க வேண்டும். அதற்குள் எடுத்தால் வருஷம் முழுக்கத் தொழில் தங்காது என்பது அவர் அப்பா தறிச் சாமான் கடை வைத்திருந்த காலத்திலிருந்து அந்த வீட்டில் இருக்கிற நம்பிக்கை. சூடத் தட்டின் சூடு ஆறியிருக்காது, வில்சன் வந்தான்.

அவனுடைய கம்ப்யூட்டர் ரெண்டு பிராசசர் போட்டது. ஜில்லாவிலேயே அப்படி ஒன்று எத்தனை பேரிடம் இருந்திருக்குமோ தெரியாது. ரெண்டு மூளை அண்ணாச்சி, ஒண்ணு யோசிக்கும்போது இன்னொண்ணு வேலை பார்க்கும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். அன்றைக்கு அதில் ஒன்று கருகிவிட்டது. ஆவணியில் நடந்த கல்யாணத்தின் கேசட்டை அன்று ராத்திரிக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும்; மாப்பிள்ளை மறுநாள் சார்ஜாவுக்குப் புறப்படுகிறான்.

"நூத்தி அறுவத்தாறு ஒண்ணு இருக்கா அண்ணாச்சி? ஃபேன் நின்னதக் கவனிக்காம விட்டுட்டேன்."

"இல்லியேப்பா."

"மில்லு மிஷின் ஒண்ணு கழிச்சு எடுத்திய இல்லா, அதுல?"

"அது அப்பமே போயிட்டுதே."

வில்சன் சாமி படத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு சிரித்தான். "சரி அண்ணாச்சி. பொரிகடலை தாங்க" என்று இரண்டு கையையும் சேர்த்து நீட்டி வாங்கி, நின்றபடியே தின்றுவிட்டு இறங்கிப் போனான். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்க்கிற, ஜாய்சியின் மாமா அம்புரோசுக்கு, ஒரு கப்பலின் எலக்ட்ரீஷியனைத் தெரியும். அவனிடம் இந்த மாதிரிச் சரக்கு கிடைக்கும். அதை வாங்கப் பைக்கில் போனவனை வல்லநாடு தாண்டி ஒரு உப்பு லாரி அடித்தது. மத்தியானம் ஒன்றரை மணி. சேதி பாளையங்கோட்டைக்கு வந்தபோது கோமதிசங்கர் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார். உள்ளே தட்டில் பொட்டு வைத்த பிராசசர் இருந்தது.

நாளைக்கு வா, பூஜையில் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பதை இந்த ஒரு வருஷத்தில் அவர் எத்தனையோ தடவை தோண்டிப் பார்த்துவிட்டார். சொன்னால் வில்சன் விட மாட்டான், சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது அண்ணாச்சி என்று பேசியே எடுக்க வைத்துவிடுவான் என்ற பயம் ஒன்று. அதற்கும் அடியில் இன்னொன்று கிடந்தது. அவரைவிடப் பத்து வயது இளையவன், அவரிடமே உட்கார்ந்து வேலை பார்த்துப் பழகியவன், அவருக்குப் புரியாத ஒரு மிஷினைக் கட்டிவிட்டு ரெண்டு மூளை என்று பீற்றிக்கொள்கிறானே, ஒரு நாள் திண்டாடட்டுமே என்று நினைத்திருந்தார். அது பெரிய வன்மம் ஒன்றும் இல்லை. ஒரு கடுகளவு இருக்கும். அந்தக் கடுகைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை.

தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. இரண்டு பிராசசர்களை ஒரே போர்டில் சேர்ப்பது லேசான காரியமில்லை. வேகம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு சிப்பின் மேலும் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். அதன் முடிவில் ஒரு கோடு, கோட்டுக்கு அப்புறம் மூன்று எழுத்து. மூன்றாவது எழுத்து 'எஸ்' என்றால் ஜோடி போட்டு ஓட்டலாம், கம்பெனியே சோதித்து அனுப்பியது. 'யு' என்றால் தனிக்கட்டை. இன்னொன்றோடு சேர்ந்து ஓடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. தட்டில் இருந்தது 'யு' என்றால், அன்றைக்கு அவர் மனசார எடுத்துக் கொடுத்திருந்தாலும் வில்சன் பார்த்துவிட்டு, இது ஆகாது அண்ணாச்சி என்று திருப்பித் தந்திருப்பான். தூத்துக்குடிக்குத்தான் போயிருப்பான். அதே ரோடு, அதே லாரி. கோமதிசங்கர் சொன்ன பொய்க்கும் அந்தச் சாவுக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விடும். 'எஸ்' என்றால், வில்சனைக் கொன்றது அவர்தான். லாரிக்காரனுக்குப் பங்கு உண்டு, அவ்வளவுதான்.

அந்த எழுத்தின் மேல்தான் சந்தனப் பொட்டு காய்ந்து கிடந்தது. துடைத்துப் பார்க்க அரை நிமிஷம் ஆகாது. ஒரு வருஷமாக அவர் துடைக்கவில்லை. நாற்காலியை அலமாரிக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டு வேலை செய்தார். முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பது போலவே இருக்கும். வில்சன் அப்படித்தான் எட்டிப் பார்ப்பான், முகவாய் தோளில் இடிக்கிற அளவுக்கு.

ஜாய்சி போன பிறகு பெட்டியைத் திறந்தார். போர்டின் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சாக்கெட். ஒன்றில் பிழைத்த பிராசசர். மற்றது காலி, முன்னூறு சின்ன ஓட்டைகளோடு அண்ணாந்து பார்த்தது. பிளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டார். இரண்டு ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தார். காலிச் சாக்கெட்டுக்கு மேலே, ஒயரில் தொங்கியபடி, தூசி தும்பு இல்லாத புது ஃபேன் ஒன்று எதையும் குளிர வைக்காமல் வீணாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வில்சன் கிளம்பும் முன்னால் புது ஃபேனை மாட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறான், வந்ததும் சிப்பைப் போட்டு உடனே ஓட்டலாம் என்று. கோமதிசங்கர் ஸ்விட்சை அணைத்தார். அணைத்த பிறகும் அந்த ஃபேன் கொஞ்ச நேரம் சுற்றியது. அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

அடுத்த பத்து நாளும் பெட்டி திறந்தபடியே கிடந்தது. ஜாய்சி இரண்டு தடவை போன் செய்தாள். மெட்ராசிலிருந்து பதில் வரவில்லை என்றார். இல்லாத மெட்ராஸ் ஆளுக்கு ஒரு காய்ச்சல்கூட வரவழைத்துச் சொன்னார். இரண்டு தடவையும் அவள் "சரி அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் ரசத்தோடு எழுந்துவிடுகிறார் என்று அவர் மனைவி விஜயஸ்ரீ கண்டுபிடித்தாள். சர்க்கரையாக இருக்குமோ என்று டாக்டரிடம் போகச் சொன்னாள்.

இந்த வருஷம் திதி தள்ளி வந்த சரஸ்வதி பூஜைக்கு இரண்டு நாள் இருக்கும்போது விஜயஸ்ரீ கடைக்கு வந்தாள். வருஷா வருஷம் அவள்தான் வந்து கழுவித் துடைப்பாள். போன வருஷத்துப் பொட்டு எதிலும் இருக்கக் கூடாது. பழசைத் துடைத்துவிட்டுத்தான் புதுசு வைக்க வேண்டும். கோமதிசங்கர் கீழே டீ வாங்கப் போயிருந்தார். இரண்டு தம்ளரோடு படியேறி வந்தபோது அவள் கீழ் இழுப்பறையை வெளியே இழுத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். விபூதிக் காகிதம் பிரிந்து கிடந்தது. கையில் ஈரத் துணி.

"இது என்ன, போன வருசப் பொட்டு இன்னும் அப்பிடியே கெடக்கு. இதத் தொடவே இல்லியா நீங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் துடைத்து முடித்துவிட்டாள். முந்தானை நுனியால் ஒற்றி ஈரத்தை எடுத்து, "இந்தாங்க" என்று நீட்டினாள். டீ தம்ளரை எங்கே வைத்தோம் என்று அவருக்கு நினைவில்லை. ஜன்னல் பக்கம் கொண்டு போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். எண். கோடு. எஸ். எஸ். மூன்றாவது எழுத்தின் வளைவில் குங்குமம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார். எஸ்.

"என்ன, முகமெல்லாம் வேர்க்குது?"

"ஒண்ணும் இல்ல. படியேறி வந்தது."

விஜயஸ்ரீயை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்து, சிப்பைக் காலிச் சாக்கெட்டில் பொருத்தினார். தொங்கிக்கொண்டிருந்த ஃபேனை எடுத்து அதன் தலையில் மாட்டினார். கொக்கி இரண்டு தடவை நழுவியது. ஸ்விட்சைப் போட்டார். ஃபேன்கள் சுற்றின. திரை கறுப்பாக இருந்தது. பத்து வினாடி, இருபது வினாடி. ஒரு பீப் சத்தம்கூட இல்லை. அணைத்துப் போட்டார், கழற்றித் துடைத்து மாட்டினார், போர்டிலிருந்த ஜம்பர் செருகிகளைச் சரிபார்த்தார். கறுப்புதான். நாலாவது தடவையும் கறுப்பு. எழுத்து 'எஸ்' ஆக இருந்தாலும் இந்த இரண்டும் சேரவில்லை. அன்றைக்குக் கொடுத்திருந்தாலும் ஓடியிருக்காது. வில்சன் எப்படியும் தூத்துக்குடிக்குப் போயிருப்பான்.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். வயிற்றிலிருந்து ஒரு மூச்சு வந்தது. ஒரு வருஷமாக உள்ளேயே கிடந்த மூச்சு. கண்ணில் தண்ணீர் வந்ததைத் துடைக்கவும் இல்லை. ஜாய்சிக்குப் போன் செய்து, "ஒண்ணு கெடச்சுது தாயி, போட்டும் பாத்தேன், சேரல. வேற வழியில்ல, வந்து எடுத்துக்கோ" என்றார். சேரல என்ற வார்த்தையைச் சொல்லும்போது தன் குரலில் இருந்த சந்தோஷம் தனக்கே கேட்டு அசிங்கமாக இருந்தது. ஆனாலும் சந்தோஷம் சந்தோஷம்தானே. ராத்திரி மூன்று தோசைக்கு மேல் இன்னும் இரண்டு கேட்டு வாங்கித் தின்றார். விஜயஸ்ரீ சர்க்கரைப் பேச்சை விட்டுவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போனார். தீட்டுக் கழிகிற மாதிரி தலைமுழுக வேண்டும் என்று தோன்றியது. ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீர், பாபநாசம் பக்கம் மழை என்பதால் செம்மண் நிறம். படித்துறையில் நாலைந்து பேர் துவைத்துக்கொண்டிருந்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினார். தண்ணீருக்குள் துணி துவைக்கிற சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது. இரண்டாவது முங்கலில் அதுவும் இல்லை. மூன்றாவது முங்கலில் வில்சன் காதோரமாகப் பேசினான்.

"மூத்தத முதல்ல வைக்கணும் அண்ணாச்சி."

எழுந்து நின்று மூச்சு வாங்கினார். பேய் ஒன்றும் பேசவில்லை. அது அவருக்கே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மிஷினை அவருடைய மேஜையில் வைத்துத்தான் வில்சன் கட்டினான். அப்போது சொன்னது இது. ஒரே வேகச் சிப்பைக் கம்பெனிக்காரன் அவ்வப்போது சின்னச் சின்னப் பிழை திருத்தித் திருத்தி வெளியிடுவான். அதில் முந்தி வந்தது, பிந்தி வந்தது என்று உண்டு. முந்தி வந்ததை முதல் சாக்கெட்டில் வைத்தால் இரண்டும் சேர்ந்து ஓடும். மாற்றி வைத்தால் ரெண்டும் மூஞ்சியத் தூக்கிட்டு உக்காந்துரும் அண்ணாச்சி, நம்ம வீட்டுப் பந்தி மாதிரி என்று சொல்லிச் சிரித்தான். நேற்றுப் பார்த்த எண்ணின்படி மில் சிப்தான் முந்தியது. அதை நேற்று அவர் இரண்டாவது சாக்கெட்டில்தான் வைத்திருந்தார். நிஜமாகவே மறந்துபோயா வைத்தார்? ஆற்றுக்குள் நின்று யோசித்துப் பார்த்தார். தலை துவட்டாமலே கரையேறினார்.

கடைக்கு வந்து மிஷினைத் தொடவில்லை. தொட்டால் தெரிந்துவிடும். தொடாவிட்டால் தெரியாமலே போகும். ஜாய்சி எடுத்துப் போய்விடுவாள், ஒரு பிராசசரோடு ஓட்டிக்கொள்வாள், யாருக்கும் நஷ்டமில்லை. பதினொரு மணிக்குப் படியில் காலடி கேட்டது. எண்ணவில்லை. ஜாய்சிதான். ஆட்டோவைக் கீழே நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னாள். போர்வையை எடுத்து உதறினாள்.

"சேரலன்னா என்ன செய்ய. விடுங்க அண்ணாச்சி. கொண்டு போறேன்."

போர்வையின் ஒரு நுனியை மேஜையின் அந்தப் பக்கமாக அவரிடம் நீட்டினாள், பிடித்துக்கொள்ளச் சொல்லி. கோமதிசங்கர் நுனியைப் பிடித்தார். பிறகு விட்டுவிட்டார்.

"ஒரு அஞ்சு நிமிசம் இரு."

இரண்டு ஃபேனையும் கழற்றினார். இரண்டு சிப்பையும் எடுத்தார். மில் சிப்பை முதல் சாக்கெட்டில் வைத்து லிவரை அழுத்தினார். வில்சனுடையதை இரண்டாவதில் வைத்தார். ஃபேன்களைத் திரும்ப மாட்டினார்; இன்றைக்குக் கொக்கி நழுவவில்லை. ஸ்விட்சைப் போட்டார். ஒரு பீப். திரையில் எழுத்துகள் ஓடின. பிறகு நீலத் திரை வந்து, அதன் உச்சியில் வெள்ளை எழுத்தில், இரண்டு பிராசசர்கள் இருப்பதாக ஒரு வரி வந்து நின்றது.

ஜாய்சி அந்த வரியைப் பார்த்தாள். கோமதிசங்கர் அவளைப் பார்த்தார்.

"இது மெட்ராஸ்ல இருந்து வரல தாயி. அன்னைக்கு வில்சன் வந்து கேட்டப்பம் இங்கனதான் இருந்துது. பூஜைல வச்சிருந்தேன். எடுக்க மனசு வரல. இல்லன்னு சொல்லிட்டேன்." ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஓரமாக வைத்தார். "குடுத்திருந்தா அவன் போயிருக்க மாட்டான்."

கீழே ஆட்டோக்காரர் ஒரு தடவை ஹாரன் அடித்தார். ஜாய்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தெரியும்" என்றாள்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவிய பாத்துட்டுத்தான வந்தாவ. தட்டுல, குங்குமப் பொட்டோட இருந்துதாம். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கிட்டே சொல்லிச் சிரிச்சாவ. நான்கூடக் கேட்டேன், அப்பம் அண்ணாச்சிகிட்ட இன்னொரு தடவ கேக்கப்படாதான்னு. கேட்டா எடுத்துக் குடுத்துருவாரு, குடுத்துட்டு ஒரு வருசம் பூரா தொழில் கெட்டுப்போவுமோன்னு கெடந்து அடிச்சிக்கிடுவாரு, பாவம்னாவ. ரெண்டு மணி நேரப் பாடுதான, போயிட்டு வந்துருதேன்னு ஹெல்மெட்டக்கூட எடுக்காம போனாவ."

ஒரு வருஷமாக அவர் எதை எதையோ கற்பனை செய்திருந்தார். வில்சன் தன்மேல் ஆத்திரப்படுவதாக, கேள்வி கேட்பதாக, பதினாலாவது படியில் நின்று முறைப்பதாக. அவன் தனக்காகப் பரிதாபப்பட்டிருப்பான் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. ஆத்திரமாக இருந்தால் தாங்கியிருக்கலாம்.

"துஷ்டிக்கு வந்திய, ஒண்ணும் சொல்லல. முப்பதாம் நாளுக்கு வந்திய, அப்பமும் சொல்லல. ஓராண்டுப் பூசைக்குக் கோயில்ல தூணுக்குப் பொறத்தால நின்னிய, பாத்தேன். இன்னைக்குச் சொல்லுவியோ, நாளைக்குச் சொல்லுவியோன்னு நானும் இருந்தேன். அதுக்குத்தான் இதத் தூக்கிட்டே வந்தேன்." அவள் குரல் உயரவும் இல்லை, உடையவும் இல்லை. "கோவமான்னு கேக்காதிய. எனக்கே தெரியல."

அவர் எழுந்து போய் ஜன்னலோரமாக நின்றார். கீழே இரும்புக் கடையில் கம்பிக் கட்டு ஒன்றைத் தரையில் போட்டார்கள்.

மிஷின் முழுதாக எழும்பி வந்திருந்தது. ஜாய்சி மவுஸைப் பிடித்தாள். போன வருஷத்து ஆவணிக் கல்யாணம் அப்படியே பாதியில் கிடந்தது, டைட்டிலுக்காக ஏற்றி வைத்த சில நிமிஷங்கள். ஒன்றைத் திறந்தாள். விட்டு விட்டு ஓடாமல், தண்ணீர் மாதிரி ஓடியது. மணமேடை, மாலை, வெட்கத்தில் குனிந்த பெண், அவளைச் சுற்றிச் சொந்தக்காரர்கள். கேசட்டாகக் கொடுக்கும்போது வில்சன் சத்தத்தை எடுத்துவிட்டு நாயனத்தைப் போட்டுவிடுவான். இது வெட்டுவதற்கு முந்தியது. மேஜை மேலிருந்த சின்ன ஸ்பீக்கர்களில் பந்தல் இரைச்சல் கேட்டது, பிள்ளை அழுகை கேட்டது, பிறகு காமிராவுக்குப் பின்னாலிருந்து, மிகவும் பக்கத்தில், வில்சனின் குரல்.

"பொண்ணு கொஞ்சம் நிமிந்து பாக்கணும். ஆங், அப்பிடித்தான்."

ஜாய்சியின் கை மவுஸ் மேல் அசையாமல் இருந்தது. அவளிடம் வில்சனின் போட்டோ ஒன்றிரண்டு இருக்கலாம். குரல் இருந்திருக்காது. திரையில் மணப்பெண் நிமிர்ந்து, நேராக அந்தக் கடையைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, வெளிச்சத்த மறைக்கிய" என்றான் வில்சன் சிரித்துக்கொண்டே. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

திரையில் வேட்டி கட்டிய யாரோ ஒருவர் ஓரமாக நகர்ந்தார். ஜன்னலோரத்தில் நின்றிருந்த கோமதிசங்கரும் இரண்டடி தள்ளிச் சுவரோடு ஒட்டி நின்றார். அவர் விட்ட இடத்தின் வழியாகப் பதினொரு மணி வெயில் உள்ளே வந்து, மேஜை மேல் விழுந்து, ஜாய்சியின் முகத்தில் ஏறியது.